தாடிக்கு ட்ரிம்மர் போதுமா, க்ரூமிங் கிட் வாங்கணுமா?

ட்ரிம்மர்னா தாடி மீசைய அளவா வெட்டுற மெஷின், கிட்டுன்னா அதே மெஷினோட மூக்கு முடி, தலைமுடி, உடம்புன்னு மாத்தி மாட்டிக்கிற தலைங்களும் சேர்ந்து வரும். ரெண்டுலயும் வேலை ஒண்ணுதான், பல்லு வச்ச ரெண்டு பிளேடுல ஒண்ணு அசையாம நிக்கும், இன்னொண்ணு அதுமேல வேகமா ஓடி வெட்டும், மேல மாட்டுற சீப்புதான் 3 மி.மீ., 5 மி.மீ.ன்னு நீளத்த முடிவு பண்ணுது.

எங்க காரைக்குடி வீட்டு மிக்ஸியவே எடுத்துக்குங்களேன், மிளகு சோம்பு பொடிக்க சின்ன ஜாரு, தேங்காய் அரைக்க வேற ஜாரு, ஆனா மோட்டார் ஒண்ணு, அது சரியில்லன்னா எத்தனை ஜாரு இருந்தும் பிரயோஜனம் இல்ல. தாடிக்கு மட்டும்னா அதே காசுக்கு நல்ல ட்ரிம்மரா வாங்குங்க, வீட்லயே தலைமுடியும் வெட்டிக்கிறவங்களுக்குத்தான் கிட்.

அப்புறம், ட்ரிம் பண்ணா முடி தடிமனா வளரும்னு நம்பாதீங்க, வெட்டுன முனை மழுங்கலா இருக்கறதாலதான் தொட்டா சொரசொரன்னு அப்படித் தோணுது.