போனால் கற்றுக்கொடுக்கப் போங்கள்

மேடம், வணக்கம்.

மகப்பேறு மருத்துவத்தில் எம்.எஸ். முடிக்கப்போகிறேன். எங்கள் சபையிலிருந்து ஒரு குழு ஆப்பிரிக்காவுக்கு இரண்டு வார மருத்துவ முகாம் போகிறது. இந்த முறை எத்தியோப்பியா, என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். டாக்டராகி ஊழியத்துக்குப் போகவேண்டும் என்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் ஆசை. ஆனால் வீட்டில், "நம்ம ஊரில் இல்லாத ஏழையா?" என்கிறார்கள். கூடப் படித்தவர்கள், "மதம் மாற்றத்தானே போறீங்க?" என்று நேராகவே கேட்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்குப் போகாதீர்கள்.

முதலில் வீட்டுக்காரர்களின் கேள்வி. தமிழர்களாகிய நாம் அதைக் கேட்கவே கூடாது என்பது என் எண்ணம். 1847இல் சாமுவேல் கிறீன் என்ற இளம் டாக்டர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். அவர் ஊரில் நோயாளிகள் இல்லாமலா வந்தார்? அங்கே மானிப்பாய் என்ற ஊரில் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தார், காலரா அடித்துக்கொண்டிருந்த காலம் அது, ஒரு ஆள் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? அதனால் உள்ளூர்ப் பையன்களைச் சேர்த்து மருத்துவம் சொல்லிக்கொடுத்தார். 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார், உடற்கூறு, அறுவை சிகிச்சை, வேதியியல் பாடநூல்களை மாணவர்களோடு சேர்ந்து தமிழில் கொண்டுவந்தார். 1873இல் ஊர் திரும்பியபோது அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் டாக்டர்களை விட்டுவிட்டுப் போனார். ஒருவர் வீட்டைவிட்டுக் கிளம்பி நம்மிடம் வந்ததால் நமக்குக் கிடைத்தது இது.

நீங்கள் போகப்போவது எத்தியோப்பியா என்பதாலும், உங்கள் துறை மகப்பேறு என்பதாலும், கேத்தரின் ஹாம்லினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவரும் கணவர் ரெஜினால்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மகப்பேறு டாக்டர்கள், ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்கள். 1959இல் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் மருத்துவச்சிப் பயிற்சிப் பள்ளி தொடங்க, மூன்று வருட ஒப்பந்தத்தில் வந்தார்கள். வந்த இடத்தில், தங்கள் ஊரில் பார்த்தே இராத ஒன்றைப் பார்த்தார்கள். பிரசவ வலி நாள்கணக்கில் நீண்டு, சிசேரியனுக்கு வழியில்லாமல் கிடக்கும்போது குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை இடுப்பெலும்போடு வைத்து அழுத்துகிறது, ரத்தம் ஓடாமல் அந்தச் சதை செத்து ஓட்டை விழுகிறது, அதுதான் ஃபிஸ்டுலா என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குழந்தை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். அப்புறம் அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர் நிற்காமல் வழிந்துகொண்டே இருக்கும், நாற்றம் தாங்காமல் புருஷன் விரட்டிவிடுவான், ஊர் ஒதுக்கிவிடும். இப்படிப்பட்ட பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இருவரும் அந்த அறுவை சிகிச்சையைப் படித்தும் செய்தும் கற்றுக்கொண்டார்கள், 1974இல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை கட்டினார்கள். ரெஜினால்ட் 1993இல் காலமானார். மூன்று வருடத்துக்கு வந்த கேத்தரின் 2020இல், 96 வயதில், அடிஸ் அபாபாவில்தான் கண்மூடினார்.

ஆனால் எனக்கு இந்தக் கதையில் அவர்களைவிட முக்கியமானவர் மாமித்து காஷே. நாலு நாள் வலியில் துடித்து, குழந்தையை இழந்து, ஃபிஸ்டுலாவோடு வந்த கிராமத்துப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. குணமானபின் அங்கேயே தங்கிப் படுக்கை விரித்தார், பிறகு ஆபரேஷன் தியேட்டரில் ரெஜினால்டின் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தார், ஒரு கட்டத்தில் ரெஜினால்ட் அவர் கையிலேயே கத்தியைக் கொடுத்துப் பழக்கினார். பின்னாளில் வெளிநாட்டிலிருந்து பட்டத்தோடு வந்த சர்ஜன்களுக்கு இந்த அறுவை சிகிச்சையைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஒரு நோயாளியை இந்த அளவுக்கு நம்ப எத்தனை டாக்டருக்கு மனசு வரும், சொல்லுங்கள்.

ஓட்டையைத் தைத்துக்கொண்டே இருந்தால் போதாது, ஓட்டை விழாமல் தடுக்கக் கிராமத்தில் பயிற்சி பெற்ற ஒருத்தி வேண்டும், பிரசவம் தடைப்படுகிறது என்று நேரத்தோடு கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப. அதற்காகத்தான் 2007இல் மருத்துவச்சிகளுக்கான கல்லூரியைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்கவைத்துத் திரும்பவும் கிராமத்துக்கே அனுப்புகிறார்கள்.

இரண்டு வார முகாமில் இதில் எது முடியும்? ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுப்பீர்கள், இரண்டாவது மாதம்? நீங்கள் விமானம் ஏறிய பிறகு தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? நீங்கள் எழுதிய சீட்டை அங்கே இருக்கும் நர்ஸ் படித்துப் புரிந்துகொள்வாரா? எனக்கு இதில் கோபமே உண்டு. போகிறவர்களின் மனசு நல்லதுதான், ஆனால் நோயாளிக்குத் தேவை அதே டாக்டர் அடுத்த வாரமும் இருப்பது.

மத விஷயம். நம்பிக்கையை மறைக்கச் சொல்லமாட்டேன். கிறீன் தன்னைத் தமிழர்களுக்கு வந்த மருத்துவ ஊழியர் என்றே சொல்லிக்கொண்டவர், ஒளித்துவைக்கவில்லை. ஆனால் வலியில் கிடக்கிற பெண்ணிடம், சிகிச்சைக்கு முன்னால் "ஜெபிக்கலாமா?" என்று டாக்டர் கேட்டால் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதனால் அங்கே கேட்காதீர்கள். அவளாகக் கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபியுங்கள். இன்னொன்று, எத்தியோப்பியாவில் கிறிஸ்தவம் நாலாம் நூற்றாண்டிலேயே அரச மதம், அங்கே போய்ச் சுவிசேஷத்தைப் புதிதாக அறிமுகப்படுத்துவதாக உங்கள் குழு நினைத்தால் அதைக் கொஞ்சம் யோசிக்கச் சொல்லுங்கள்.

எம்.எஸ். முடியுங்கள். இன்னும் ஒரு இரண்டு வருடம் இங்கே ஏதாவது தாலுகா ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி பாருங்கள், சீனியர் பக்கத்தில் இல்லாமல் முடிவெடுக்கப் பழகவேண்டும். பிறகு குறைந்தது ஒரு வருடத்துக்கு, அங்கே பயிற்சி டாக்டர்களோ மருத்துவச்சி மாணவிகளோ இருக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துக் கேளுங்கள். அந்த நாட்டில் பதிவு செய்யாமல் நோயாளியைத் தொடாதீர்கள், முகாம்காரர்கள் "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றால் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். மொழியை இப்போதே ஆரம்பித்துவிடுங்கள், அடிஸ் அபாபா என்றால் அம்ஹாரிக், ஒரோமியா பக்கம் என்றால் ஒரோமோ. ஊர் முடிவானதும் எனக்கு எழுதுங்கள்.