ஒரே அட்ரினலின்தானே, பிறகு எந்த ஜி புரோட்டீனோடு (செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்) சேர வேண்டும் என்பது ரிசப்டருக்கு (செல்லின் சவ்வில் இருந்து அட்ரினலினைப் பிடிக்கும் புரதம்) எப்படித் தெரிகிறது?

பி.ஃபார்ம் இரண்டாம் வருடமாக இருப்பீர்கள், நாளைக்கே இன்டர்னலோ என்னவோ. பரீட்சைக்கு மட்டும் என்றால் எந்த ரிசப்டர் வகைக்கு எந்த ஜி புரோட்டீன் வகை என்ற அட்டவணை போதும்: ஆல்ஃபா-1க்கு ஜிக்யூ, ஆல்ஃபா-2க்கு ஜிஐ, பீட்டா மூன்றுக்கும் ஜிஎஸ். அதனால்தான் அதே அட்ரினலின் ஆல்ஃபா-1 வழியாகத் தோலின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது, பீட்டா-2 வழியாக மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது.

ஆனால் நீங்கள் 'எப்படி' என்று கேட்டுவிட்டீர்கள். இதற்காக ஒரு வைவாவில் (வாய்மொழித் தேர்வு) எக்ஸ்டர்னலோடு, அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளரோடு, மல்லுக்கு நின்றவன் நான். "பீட்டா-2 பெரும்பாலும் ஜிஎஸ், சில சமயம் ஜிஐயோடும் சேரும் சார்" என்றாள் ஒரு மாணவி. கையில் இருந்த பஜ்ஜியைக் கீழே வைக்காமலே, "ஒரு ரிசப்டருக்கு ஒரு ஜி புரோட்டீன்தாம்மா, போகலாம்" என்றவர், பென்சிலில் போட்டிருந்த மார்க்கை அழித்துக் குறைத்தார். எழுந்து போய் போர்டில் படம் போட்டேன்.

மனிதனில் ஜி புரோட்டீனோடு சேரும் இந்த வகை ரிசப்டர்கள் சுமார் 800. ஜி புரோட்டீனின் ஒரு பகுதியான ஆல்ஃபா துணையலகுக்கான (இது ஆல்ஃபா ரிசப்டர் இல்லை) ஜீன்களோ 16தான். ஒன்றுக்கு ஒன்று எப்படிக் கட்டுப்படியாகும்? மருந்து ஒட்டியதும் ரிசப்டரின் ஆறாவது ஹெலிக்ஸின் (சவ்வை ஊடுருவும் சுருள்) உள்முனை விலகி, செல்லின் உட்புறம் ஒரு குழி திறக்கிறது. ஆல்ஃபா துணையலகின் வால்நுனி அதற்குள் போய் உட்காரும். 2011-ல் அமெரிக்க விஞ்ஞானி கோபில்காவின் குழு வெளியிட்ட, பீட்டா-2வும் ஜிஎஸ்ஸும் சேர்ந்திருக்கும் படிக அமைப்பில் அந்த விலகல் 14 ஆங்ஸ்ட்ரம் (ஒரு ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). ஜிஐயின் வால் ஒல்லி, அதற்கு இவ்வளவு இடம் வேண்டாம். ஜிஎஸ்ஸுக்காகத் திறந்த குழியில் ஜிஐயும் நுழைந்துவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

வாலுக்கு அவ்வளவு மவுசா என்றால், ஆமாம். 1993-ல் கான்க்ளின், போர்ன் என்ற ஆய்வாளர்கள் ஜிக்யூவின் வால்நுனியில் மூன்றே மூன்று அமினோ அமிலங்களை ஜிஐயுடையதாக மாற்றினார்கள். உடனே ஜிஐயோடு சேரும் ரிசப்டர்கள் அதைத் தூண்ட ஆரம்பித்தன.

புரதங்களின் அமைப்பை ஆராயும் ஸ்ட்ரக்சுரல் பயாலஜிக்காரர்கள் கமெண்டில் பாய வேண்டாம். வால் மட்டுமே இல்லை, ரிசப்டரின் உள்வளையங்களும் அந்தச் செல்லில் எந்த ஜி புரோட்டீன் எவ்வளவு இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் முடிவாகிறது என்று எனக்கும் தெரியும். 2017-ல் மதன் பாபு குழு (நம்ம அண்ணா பல்கலைக்கழகத்தில் படித்தவர்) காட்டியதும் விஷயம் அவ்வளவு எளிதில்லை என்பதைத்தான்: ஒரே ஜி புரோட்டீனோடு சேரும் ரிசப்டர்கள்கூட ஒவ்வொன்றும் அதை வெவ்வேறு அமினோ அமிலங்களால் அடையாளம் காண்கின்றன.

எக்ஸ்டர்னல் என் முகத்தைப் பார்க்காமலே பழைய மார்க்கைத் திரும்பப் போட்டார். சாயங்காலமே பிரின்சிபால் கூப்பிட்டு, "வெளியிலிருந்து வந்தவரைப் பகைத்துக்கொள்ளலாமா சார்?" என்றார். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்களை ஊர் ஊராக அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க அனுப்பும் அதே பிரின்சிபால்தான். ஆள் சேராவிட்டால் சம்பளம் நிற்கும். பெட்ரோல் காசு கேட்டால் மட்டும் ஆடிட்டிங் நடக்கிறதாம்.