குடிக்காமல் வைன் ருசி பழக முடியுமா?

கேள்வி: பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் ஸ்டூவர்ட் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வெளிநாட்டு விருந்தினர் வைனைப் பற்றி ஏதும் கேட்டால் முழிக்கிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, பழகவும் விருப்பமில்லை. இதைக் கற்க வழி உண்டா?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: உண்டு, தம்பி. வைன் ருசி பார்ப்பதையே தொழிலாகச் செய்பவர்களும் விழுங்குவதில்லை, துப்பிவிடுவார்கள். துப்பினாலும் கொஞ்சம் மதுசாரம் உடம்பில் சேரும். அதனால் ருசி பார்த்த கையோடு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

முதல் பாடத்துக்குப் போத்தலே தேவையில்லை, வீட்டுக் குசினி போதும். மூன்று கோப்பையில் ஒவ்வொரு தேக்கரண்டி தேயிலை போட்டு, ஒரே அளவு கொதிநீர் ஊற்றுங்கள். ஒன்றை 2 நிமிடத்தில் வடியுங்கள், அடுத்ததை 5, கடைசியை 10 நிமிடத்தில். சீனி வேண்டாம். ஆறியதும் ஒவ்வொரு வாயாக எடுத்து, பல் ஈறில் படும்படி சுழற்றுங்கள். மூன்றாவதில் நாக்கு சொரசொரக்கும், ஈறு வரண்டு இழுக்கும். அதுதான் டனின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. உமிழ்நீரில் உள்ள புரதத்தை அது பிடித்துக்கொள்வதால் வழுவழுப்புப் போய்விடுகிறது. சிவப்பு வைனில் இது திராட்சைத் தோல், விதையிலிருந்து வருகிறது. புதிதாகப் பழகுபவர்கள் இதைக் கசப்பு என்று எழுதிவிடுவார்கள். நாவற்பழம் தின்று வளர்ந்தவருக்குத் துவர்ப்பு வேறு, கசப்பு வேறு என்று சொல்லித்தரவா வேண்டும்!

அடுத்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி. வாய் ஊறும். துவர்ப்பு வாயை வறட்டும், புளிப்பு ஊறவைக்கும். இந்த ஒரு வித்தியாசம் பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அதே கிளாசில் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டுப் பாருங்கள். புளி குறையவேயில்லை, ஆனால் குறைந்த மாதிரி இருக்கும். இனிப்பு வைன்கள் திகட்டாமல் இருப்பது இதனால்தான்.

பிறகு மூக்கு. கறுவா, கராம்பு, மிளகு, கொய்யா, பேஷன் பழம் இவற்றைத் தனித்தனிப் பேணியில் போட்டு, கண்ணை மூடி மணந்து பெயர் சொல்லிப் பழகுங்கள். நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதியில் செய்யும் சோவினியோன் பிளாங்க் என்ற வெள்ளை வைனில் பேஷன் பழமும் கொய்யாவும் அப்படியே மணக்கும். ஷிராஸ் என்ற சிவப்பு வைனில் மிளகு, ஓக் பீப்பாயில் கிடந்ததில் கராம்பு.

இனிப் போத்தல். பார் பொறுப்பாளரிடம் கேட்டு, கிளாஸ் கணக்கில் விற்கத் திறந்த போத்தலிலிருந்து 20 முதல் 30 மில்லிலீற்றர் வாங்குங்கள். முதலில் ஆட்டாமல் மணந்து, பிறகு சுழற்றி மணந்து, வாயில் பத்து வினாடி வைத்துத் துப்புங்கள். துப்பிய பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் கொப்பியில் குறியுங்கள். வேலைக்கு வரும்போது சென்ட் பூசவேண்டாம், உங்கள் மூக்கையும் மேசையில் இருப்பவர் மூக்கையும் அது கெடுக்கும்.

நம் பக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை சூடு. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் கொடு என்பது குளிர் நாட்டு அறைக்குச் சொன்னது. அங்கே அது 16 முதல் 18 பாகை. மட்டக்களப்பின் 30 பாகையில் மதுசாரக் காரம்தான் முன்னால் வரும். ஐசும் தண்ணீரும் பாதிப் பாதி கலந்த வாளியில் பத்து நிமிடம் வையுங்கள். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் போத்தலைச் சுற்றி இடைவெளி இருக்கும், குளிர மெத்த நேரம் எடுக்கும்.

போத்தலைத் திறந்து விருந்தினருக்கு முதலில் சொட்டு ஊற்றுவது பிடித்திருக்கிறதா என்று கேட்க அல்ல, பழுதா என்று பார்க்கத்தான். நனைந்த கடதாசி மட்டை மணந்தால் கோர்க் பழுது. விநாகிரி நெடி அடித்தால் புளித்துவிட்டது. வெயிலில் கிடந்த போத்தலில் கோர்க் மேலே தள்ளி நிற்கும், பழம் வெந்த மாதிரி மணக்கும். வாதாடாமல் மாற்றிக் கொடுங்கள்.

நண்டுக் கறிக்கு எது பொருத்தம் என்று கேட்பார்கள். டனின் கூடிய சிவப்பு கொச்சிக்காய் உறைப்பை இன்னும் ஏற்றிவிடும். இலேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைனை நன்றாகக் குளிரவைத்து, 8 முதல் 10 பாகையில் கொடுங்கள்.