நிறுத்தச் சொல்லும் அஞ்சலட்டை

கேள்வி: ஜப்பானில் சிறுமிகளுக்கான காமிக்ஸ் இதழ்களில் வாசகர்கள் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்ப அஞ்சலட்டை வைப்பார்களாம். வாக்கில் பின்தங்கும் தொடரை நிறுத்திவிடுவார்களாம். மாதக்கணக்கில் நகராமல் கிடக்கும் உங்கள் தொடர்கதைக்கும் அப்படி ஒரு வாக்கெடுப்பு வைத்து நிறுத்தினால் என்ன?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: நிறுத்தினால் என்ன என்று எவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டீர்கள்! 1974இல் டோக்கியோவிலும் இதே பேச்சு எழுந்தது. ஷோகாகுகான் நிறுவனத்தின் 'ஷோஜோ காமிக்' வார இதழில் அந்த ஆண்டு மே மாதம் 'தோமாவின் இதயம்' தொடங்கியது. வரைந்தவர் மோட்டோ ஹாகியோ. இருபத்தைந்தை எட்டிக்கொண்டிருந்த இளம்பெண். ஜெர்மனியில் ஒரு விடுதிப் பள்ளி. தோமா என்ற சிறுவன் பாலத்திலிருந்து விழுந்து இறக்கிறான். அவன் எழுதிய கடிதம், அவன் போன பிறகு யூலி என்ற மாணவனின் கைக்கு வருகிறது. சில நாட்களில் இறந்தவனை உரித்துவைத்தாற்போல் இன்னொரு பையன் அதே பள்ளியில் வந்து சேர்கிறான். யூலி அவனை ஏறிட்டுப் பார்க்க வேண்டிய நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

இந்தத் தொடக்கத்துக்கு வாசகர் வாக்கில் கிடைத்தது கடைசி இடம். நிறுத்திவிடலாம் என்றது ஆசிரியர் குழு. ஹாகியோ வாதாடி அவகாசம் வாங்கினார். அதற்குள், அவர் ஏற்கெனவே வரைந்துவந்த 'போ குலத்தின் கதை' முதல் தொகுதி புத்தகமாக வந்தது. முதல் அச்சு 30,000 பிரதிகள். மூன்றே நாளில் தீர்ந்துபோயின. அதற்குப் பிறகு நிறுத்து என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. 33 அத்தியாயங்கள் ஓடி, டிசம்பரில்தான் தோமாவின் கதை முடிந்தது. இன்று பெண்களுக்கான ஜப்பானியக் காமிக்ஸின் வரலாற்றை எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அட்டை போடுகிறவர் ஒருவர். சேர்த்துவைத்த காசைக் கொண்டுபோய்ப் புத்தகம் வாங்குகிறவர் இன்னொருவர். படித்துவிட்டுப் பதில் எழுதத் தெரியாமல் இரண்டு நாள் பேச்சற்றுப் போகிற பெண் அட்டை போடமாட்டாள். அவளுடைய வாக்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அட்டையே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'மார்கரெட்' இதழில் 1972இல் ரியோகோ இகேடா 'வெர்சாயின் ரோஜா'வைத் தொடங்கியபோது கதையின் நாயகி பிரான்ஸ் அரசி மரி அந்துவானெத். ஆண் உடையில் அரசியின் காவல்படைக்குத் தலைமை தாங்கும் ஆஸ்கார் துணைப் பாத்திரம்தான். வாசகிகள் ஆஸ்காரின் மீது உயிரையே வைத்தார்கள். ஆஸ்கார் முன்னால் வந்தாள். பிரபு குடும்பத்தில் பிறந்தவள் கடைசியில் மக்கள் பக்கம் நின்று, பாஸ்டீல் சிறை தகர்க்கப்படும் நாளில் குண்டடிபட்டு விழுகிறாள். வாசகர்கள் கொடுத்த கொடை அந்தப் பாத்திரம். ஆனால் அவள் இறந்ததும் பதிப்பாளர் தரப்பு என்ன செய்தது? ஆஸ்கார் இல்லாத கதையை யார் படிப்பார்கள், சட்டென்று முடியுங்கள் என்றது. பிரெஞ்சுப் புரட்சியை இன்னும் விரிவாக வரைய விரும்பிய இகேடா, அரசியின் சிரச்சேதம் வரை விறுவிறுவென்று ஓடி முடிக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தொடர் தொடங்கும் முன்பே, வரலாறெல்லாம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் புரியாது என்று அவரைத் தடுக்கப் பார்த்தவர்கள் உண்டு. 'வாசகர்களுக்குப் புரியாது' என்ற வாக்கியத்தோடு எனக்கு நெடுநாள் பகை. முன்பு நான் வேலை பார்த்த ஒரு வார இதழில் விற்பனைப் பிரிவுக்காரர் மாதந்தோறும் இதே பல்லவியோடு என் மேசைக்கு வருவார். வாசகரை முட்டாள் என்று சொல்வதற்கு மரியாதையான வழி அது. பத்திரிகைக்காரன் வாயிலிருந்து அது வரவே கூடாது.

ஜுன்யா யாமாமோட்டோ என்ற பத்திராசிரியரை நான் வணங்குகிறேன். ஹாகியோவின் கதைகளை வேறொரு பெரிய பதிப்பகம் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் கையெழுத்துப் படிகளை வாங்கி 'ஷோஜோ காமிக்' குடும்பத்து இதழ்களில் வெளியிட்டவர் யாமாமோட்டோ. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன் சிறுமிகளின் இதழ்களில் பெரும்பாலும் ஆண்களே வரைந்துகொண்டிருந்தார்கள். 'ரிபோன்' இதழின் புகழ்பெற்ற மாயக்காரிச் சிறுமிகள் இருவரையும் படைத்தவர்கள் ஆண்கள்: அகாட்சுகா ஃபுஜியோவும் யோகோயாமா மிட்சுடெருவும். நன்றாகத்தான் வரைந்தார்கள். ஆனாலும், அந்த இதழ்களைப் படித்து வளர்ந்த பெண்கள் பேனாவும் மையும் எடுத்துக்கொண்டு வந்து அந்தப் பக்கங்களைக் கைப்பற்றினார்களே, அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு உற்சாகம் பொங்குகிறது. படிக்கிறவளே படைக்கிறவளாக மாறும் இடம் பத்திரிகை. தொடரை நிறுத்தினால் அந்தப் படிக்கட்டும் இடிகிறது.

நகராத தொடர் என்று குறைப்படுகிறீர்கள். சுசுவே மியுச்சியின் 'கண்ணாடி முகமூடி' 1976இல் 'ஹனா டு யூமே' இதழில் தொடங்கியது. 49ஆம் தொகுதி 2012இல் வந்தது. கதை இன்னும் முடியவில்லை! அதன் நாயகி மாயா, சீன உணவகத்தில் வேலை செய்யும் ஏழைப் பெண். ஒரு நாடக டிக்கெட்டுக்காக, வருடக் கடைசி இரவில் நூற்றுக்கும் மேற்பட்ட நூடுல்ஸ் கிண்ணங்களை ஒற்றையாளாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். கைக்கு வந்த டிக்கெட் கடலில் விழுகிறது. அந்தக் குளிர்நீரில் குதித்து அதை எடுக்கிறாள். இந்தப் பெண் மேடையில் எங்கே போய் நிற்பாள் என்று தெரிந்துகொள்ள, பள்ளிச் சீருடையில் படிக்கத் தொடங்கியவர்கள் பாட்டியாகியும் காத்திருக்கிறார்கள். ஹாகியோ 2016இல், நாற்பது ஆண்டுகள் கழித்து, 'போ குலத்தின் கதை'யை 'ஃப்ளவர்ஸ்' இதழில் மறுபடி எடுத்தார். அந்த இதழ் தீர்ந்துபோய் மறுஅச்சுப் போட வேண்டியிருந்தது. அந்த வாசகிகளுக்கு உள்ள பொறுமையில் நாலில் ஒரு பங்கை உங்களிடம் கேட்கிறேன்.

உண்மையான நிறுத்தம் எது தெரியுமா? 'நகயோஷி' இதழில் 1975 முதல் 1979 வரை வந்த 'கேண்டி கேண்டி'க்கு நேர்ந்தது. கதை எழுதிய கியோகோ மிசுகிக்கும் படம் வரைந்த யுமிகோ இகாராஷிக்கும் உரிமைத் தகராறு. 2001இல் உச்ச நீதிமன்றம் மிசுகியின் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு தலைமுறையே அழுது படித்த அந்தக் கதையை இன்று ஜப்பானில் புதுப் பதிப்பாக வாங்க முடியாது. பழைய பிரதியைத் தேடித்தான் அலைய வேண்டும். கதையும் படமும் இரண்டு பேருடையவை என்றால், முதல் அத்தியாயம் அச்சேறும் முன்பே ஒப்பந்தத்தை எழுதிவிடுங்கள் என்று தமிழ்ப் பதிப்பாளர்களிடம் பலமுறை சொல்லிவிட்டேன். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

உங்களுக்கு நேர் பதில்: நிறுத்தமாட்டேன். எந்த அத்தியாயம் தொய்ந்தது, எந்தப் பாத்திரம் பொய்யாகப் பேசுகிறது என்று அஞ்சலட்டையில் எழுதுங்கள். எழுத்தாளரிடம் அப்படியே கொடுக்கிறேன்.

ஜப்பானிய இதழ்களிடமிருந்து நாம் கற்க வேண்டியது இணைப்புப் பொருளைத்தான். 'ரிபோன்', 'நகயோஷி' வாங்கும் சிறுமிக்கு மாதாமாதம் ஏதாவது கிடைக்கும். இதழ்கள் ரயிலில் சரக்காகப் போனதால், கூட வைக்கும் பொருளுக்குக் கடுமையான விதிகள் இருந்தன. நெடுங்காலம் பெரும்பாலும் காகிதத்தாலேயே எல்லாவற்றையும் செய்தார்கள்: கடிதத்தாள், உறை, மடித்தால் பெட்டியாகும் அட்டை, எல்லாவற்றிலும் பிடித்த தொடரின் நாயகி. அவள் படம் போட்ட தாளில் தோழிக்குக் கடிதம் எழுதிய பெண், அடுத்த மாதம் இதழை வாங்காமல் இருப்பாளா? நம்மூர் இதழ்களோ அட்டையில் ஷாம்பு பொட்டலத்தை ஒட்டுகின்றன. பிய்க்கும்போது அட்டைப்படமும் கிழிகிறது. ஓவியர் பாடுபட்டு வரைந்த முகத்தின் மீது பசை தடவ எப்படி மனம் வருகிறது? எங்கள் இதழில் அது நடக்காது. தீபாவளி மலரோடு ஒரு கடிதத்தாள் கட்டு தர, அச்சகத்தில் விலை கேட்டிருக்கிறேன்.