'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு' என்று வேலூரைச் சொல்கிறார்களே, உண்மையா? அடுத்த மாதம் மாற்றலாகி வருகிறேன்.

ஆபீஸில் யாரோ இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள், அதைத்தான் இங்கே கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நீங்கள் நாகரிகமாக மூன்றோடு நிறுத்திவிட்டீர்கள். முழுசாகச் சொல்பவர்கள் 'அதிகாரம் இல்லாத போலீஸ், அழகில்லாத பெண்கள்' என்று இன்னும் இரண்டைச் சேர்ப்பார்கள். போலீஸ் விஷயம் கோட்டைக்குள் இருக்கும் காவலர் பயிற்சிப் பள்ளியை வைத்து வந்தது. பயிற்சியில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? கடைசி ஒன்றுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. பெண்களை வரிசையாக நிறுத்தி மார்க் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

சாமி இல்லாத கோயில் என்பது பழைய கதை. ஜலகண்டேஸ்வரர் கோயில் நூற்றாண்டுக் கணக்கில் பூஜை இல்லாமல் கிடந்தது நிஜம். சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை 1981 மார்ச்சில் கொண்டுவந்து பிரதிஷ்டை செய்துவிட்டார்கள். என் அப்பா அன்றைக்குக் கூட்டத்தில் நின்றவர். இன்று பிரதோஷத்துக்குப் போனால் நிற்க இடம் கிடைக்காது. இதை இன்னும் சொல்லித் திரிகிறவர்கள் கோயிலுக்குள் காலே வைக்காதவர்கள்.

ராஜா விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனசில் தைக்கிற இடம் இதுதான்.

காந்தி ரோடு பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிற வங்காளிகள், ஆந்திராக்காரர்கள், இலங்கைக்காரர்கள் எல்லாரும் தங்குவார்கள். ஒருமுறை கண்டியிலிருந்து வயதான சிங்களத் தம்பதி வந்திருந்தார்கள். ஐயாவுக்கு ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனதும் அம்மா என்னிடம் வந்து, "தம்பி, எங்கட ராஜாவின் சமாதி இங்கதானே? போய்க் கும்பிட வேணும்" என்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். வாசலில் நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டேன். "ராஜா சமாதியா? இன்னாண்ணா, நம்மூர்ல ஏது ராஜா?" என்றார் அவர். நல்ல மனுஷர், பிறந்து வளர்ந்ததே சலவன்பேட்டை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பள்ளிக்கூடத்தில் அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1798இல் பட்டத்துக்கு வந்தவரை 1815இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மறுவருஷம் வேலூர் கோட்டைக்குக் கொண்டுவந்தார்கள். பதினாறு வருஷம் இங்கேயே இருந்து 1832 ஜனவரி 30 அன்று இறந்தார். கோட்டைக்குள் கண்டி மகால் என்று கட்டடமே இருக்கிறது. பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கும் இடத்தில் 1990இல் தமிழக அரசு முத்து மண்டபம் கட்டியது. இன்றைய இலங்கைக் கொடியில் வாளோடு நிற்கும் சிங்கம் அவருடைய கொடியில் இருந்தது.

அன்று நானே அவர்களை அழைத்துப் போனேன். அம்மா செருப்பை வெளியே விட்டுவிட்டு, சமாதிக் கல்லின் மேல் படிந்த தூசியை முந்தானையால் துடைத்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த எச்சத்தை நகத்தால் சுரண்டினார். அப்புறம்தான் பூ வைத்தார். ஐயா தையல் வலியோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடல் தாண்டி வந்தவர்களுக்குத் தெரிகிற ராஜா உள்ளூரில் யாருக்கும் தெரியவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்றும் அடங்கவில்லை.

'அவர் கைதிதானே, கைதி எப்படி ராஜா?' என்று கீழே யாராவது எழுதுவீர்கள். நாடு பறிபோன ராஜாவும் ராஜாதான். அவர் உத்தமர் என்றும் நான் சொல்லவில்லை. 1814இல் தன்னை எதிர்த்துக் கிளம்பிய கண்டி அமைச்சர் எஹலப்பொலையின் மனைவி மக்களைக் கொல்லச் சொன்ன கொடுமையைக் கண்டியில் இன்றும் மறக்கவில்லை. நாயக்கர் வம்சம் என்று எழுதியதற்காக என் சாதி என்ன என்று தேட வேண்டாம், எனக்கும் அந்த வம்சத்துக்கும் சம்பந்தம் இல்லை.

அவருக்கு முன்னாலும் கோட்டை காலியாக இல்லை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு திப்புவின் குடும்பத்தை இங்கேதான் வைத்தார்கள். தாடியை எடு, நெற்றியில் குறி வைக்காதே, புதுத் தலைப்பாகை போடு என்ற உத்தரவால் கொதித்துப்போயிருந்த சிப்பாய்கள் 1806 ஜூலை 10 விடிவதற்குள் எழுந்தார்கள். முந்தைய நாள்தான் கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம். ஏற்றியது திப்புவின் கொடி. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பியின் குதிரைப்படை வந்து அன்றைக்கே நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று தீர்த்தது. பிறகு அந்தக் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முந்தி நடந்தது இது.

மூன்றாவது, ஆறு. இதில் உங்களோடு சண்டை போட முடியாது. ஆனால் சிரிக்காதீர்கள். சின்ன வயசில் பாலாற்று மணலைக் கையால் தோண்டினால் ஊற்று சுரக்கும், வெள்ளைத்துணியில் வடிகட்டிக் குடிப்போம். மேலே அணை கட்டினார்கள், கீழே மணலை அள்ளினார்கள், நடுவில் தோல் பதனிடும் ஷெட்களின் கழிவை விட்டார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் மாவட்டத்துக்காரர்கள் போட்ட வழக்கில்தான். சட்டம் படிக்கும் பிள்ளைகள் நாடு முழுக்க அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். ராணிப்பேட்டையில் மூடிப்போன ஒரு ஆலையின் குரோமியக் கழிவோ பல வருஷம் மலையாகக் கிடந்து மழைக்கு மழை நிலத்தில் இறங்கியது. 2021 நவம்பரில் ஆறு கரை புரண்டு ஓடியபோது ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. அந்தத் தண்ணீரைத் தேக்க எத்தனை ஏரி தூர்வாரி வைத்திருந்தோம்?

வீடு பார்க்கும்போது அட்வான்ஸ் கொடுக்கும் முன் போர்வெல் தண்ணீர் எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ராணிப்பேட்டை, வாலாஜா பக்கம் பார்ப்பதானால் கட்டாயம் கேளுங்கள்.