மேகமலையின் வாலில்லா வௌவால்: கேள்வி பதில்

கேள்வி: மேகமலையில் இருக்கும், பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைத் தாங்கிய சலீம் அலி பழ வௌவாலை ஊர்ப்பக்கம் பறக்கும் பழ வௌவாலிலிருந்து எப்படிப் பிரித்து அறிவது?

பதில்: வாலைப் பாருங்கள். தோப்புகளில் வரும் குட்டைமூக்குப் பழ வௌவாலுக்குச் சின்ன வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். காது மடலுக்கு வெளிர் கரை கட்டியிருக்கும். சலீம் அலி வௌவாலுக்கு இரண்டுமே கிடையாது. அளவை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். இதன் முன்கை ஏறத்தாழ 6.5 முதல் 7 செ.மீ.; குட்டைமூக்கின் முன்கையும் அந்த அளவுக்குள் வந்துவிடும். குகைகளில் தொங்கும் ரூசெட்டஸ் பழ வௌவால் இன்னும் பெரிது, அதற்கு வாலும் உண்டு. பறக்கும்போது எடுத்த படத்தை அனுப்பி 'இதுவா?' என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

கேள்வி: இது அருங்காட்சியகத்தில் தவறான பெயரோடு கிடந்தது உண்மையா சார்?

பதில்: உண்மைதான். 1948-ல் தோட்டக்காரரும் இயற்கை ஆர்வலருமான ஆங்கஸ் ஹட்டன் மேகமலையில் பிடித்தார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் அதைக் குட்டைமூக்கு வௌவால் என்றே வைத்திருந்தார்கள். 1972-ல் தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தோங்லோங்யா இது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று கண்டு 'லாடிடென்ஸ் சலீமலியை' என்று பெயரிட்டார். உயிரோடு மறுபடி கண்டது 1993-ல். அதுவரை உலகத்துக்குத் தெரிந்தது ஹட்டன் பிடித்த அந்த ஒரே ஒரு வௌவாலின் பாடம்தான்.

கேள்வி: இப்போது எங்கெல்லாம் இருக்கிறது?

பதில்: மேற்குத்தொடர்ச்சி மலையின் தென்கோடி. மேகமலை, களக்காடு-முண்டந்துறை, பெரியாறு பக்கம். உலகில் வேறெங்கும் இல்லை. மேகமலை 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. ஆனால் வௌவாலுக்குக் காப்பக எல்லைக்கல் தெரியாது. பகலில் குகையில் தங்கி, இரவில் காட்டையும் தோட்டத்தையும் சேர்த்தே மேய்கிறது. குகையை மட்டும் காத்துவிட்டு, சுற்றிலும் பழமரங்களை இழந்தால் பயனில்லை.

கேள்வி: எங்களுடையது காப்பித் தோட்டம். நிழலுக்கு முழுக்கச் சில்வர் ஓக். இதற்காக நான் என்ன செய்ய முடியும்?

பதில்: சரியான ஆள் சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சில்வர் ஓக் நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், தடியும் விற்கும். வௌவாலுக்கு அதில் ஒரு பழம்கூடக் கிடையாது. அத்தனையையும் வெட்ட வேண்டாம். முதலில் ஓடையோரமும் பாறை இடுக்கிலும் மிச்சமிருக்கும் அத்தி, ஆல் வகை, ருத்ராட்ச இன மரங்களைக் குறித்து வையுங்கள். கவாத்து ஆட்கள் கை வைக்காதபடி அடிமரத்தில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள்.

அடுத்து, சில்வர் ஓக் விழும் இடங்களில் அத்தி இன மரங்களை வையுங்கள். ஆல் வகைகளுக்குப் போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, நடுவது எளிது: மணிக்கட்டு கனம், ஆறடி நீளம், அடியைச் சாய்வாக வெட்டி, இலை முழுக்கக் கழித்து, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுங்கள். மேல்வெட்டில் சாணம் அப்பாவிட்டால் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே இறங்கும். தண்ணீர் தேங்கும் குழியில் அடி அழுகும். தலைகீழாக நடுவதும் நடக்கிறது. கணுவைப் பார்த்து நடச் சொல்லுங்கள். யானைக்கு இவை பிரியமான தீனி, ஆகவே லயத்துக்கும் (தொழிலாளர் குடியிருப்பு) நடைபாதைக்கும் பக்கத்தில் வேண்டாம்.

ஒரே மரம் வைத்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அத்தி மரங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் பழுக்கும், அதனால் பல மரங்கள் இருந்தால்தான் ஆண்டு முழுக்க ஏதாவது ஒன்றில் பழம் இருக்கும். அத்தி காய்க்க நுண்ணிய அத்திக் குளவி வேண்டும். அது ஓரிரு நாள்தான் வாழும், பூச்சிமருந்துத் தெளிப்பு அதையும் கொல்லும்.

கேள்வி: வௌவால் விதை பரப்புகிறது என்கிறார்களே, பழத்தைத் தின்று கெடுப்பதைத்தானே பார்க்கிறோம்?

பதில்: பழத்தைப் பறித்த மரத்தில் உட்கார்ந்து தின்பது அபூர்வம். வேறு மரத்துக்குத் தூக்கிப்போய்ச் சாற்றை உறிஞ்சிச் சக்கையைத் துப்பும். பெரிய கொட்டை அங்கேயே விழும். கடுகு போன்ற அத்தி விதை வயிற்றுக்குள் போய், பெரும்பாலும் அரை மணிக்குள், பறக்கிறபோதே எச்சமாக விழும்.

கேள்வி: நிபா வைரஸ் பயம் இருக்கிறதே, குகையை மூடிவிட்டால் என்ன?

பதில்: கூடாது. இந்தியாவில் நிபாவோடு முதன்மையாகத் தொடர்புபடுத்தப்படுவது பெரிய பறக்கும் நரி என்கிற வேறொரு பழ வௌவால். குகையை மூடினால் உள்ளே இருப்பவை சாகும், தப்பியவை கலைந்து வேறிடம் போகும். ஓர் ஈற்றுக்கு ஒரே குட்டி என்பதால் இழப்பு ஈடாகவும் வெகுகாலம் ஆகும். கடித்த பழத்தைத் தின்னாதீர்கள், குகைக்குள் போகாதீர்கள், எச்சத்தை வெறுங்கையால் அள்ளாதீர்கள். மருந்துக்கென்று வௌவாலைப் பிடித்துத் தின்பதுதான் நிஜமான ஆபத்து. அதில் மருந்தும் இல்லை.

கேள்வி: கல்லூரித் திட்டத்துக்கு வலை கட்டிப் பிடித்து அளக்கலாமா அண்ணா?

பதில்: தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி இல்லாமல் வலையைத் தொடாதீர்கள். 1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் இனம் இது. மற்ற பழ வௌவால்களை அதே சட்டம் நெடுங்காலம் தொல்லைப் பிராணிகளாக வைத்திருந்தது வேடிக்கை. அந்தத் தொல்லைப் பிராணிப் பட்டியலையே 2022 திருத்தம் நீக்கிவிட்டது. பிடிக்காமலே செய்யக்கூடிய வேலை நிறைய: குகை வாயிலுக்குப் பக்கவாட்டில், பறக்கும் வழியை மறைக்காமல், சூரியன் மறையும் முன்பே உட்காருங்கள். சிவப்பு விளக்கு போதும், ஃபிளாஷ் வேண்டாம். எண்ணும்போது திரும்பி உள்ளே போவதைக் கழிக்க மறந்தால் கணக்கு ஊதிவிடும்.

கேள்வி: தோட்டத்தில் கீழே விழுந்து கிடந்தால்?

பதில்: வெறுங்கையால் தொடாதீர்கள். தடித்த தோல் கையுறை போட்டு, துணியால் மூடி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டில் விடுங்கள். தண்ணீரை வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் ஏறிச் சாகும். வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் போய் வௌவால் கடித்தது என்று சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார்.