கிளீனிங் தொழிலில் நம்மை ஏன் கூப்பிட வேண்டும்? – கேள்வி பதில்

வீடு, அப்பார்ட்மென்ட் கிளீனிங் தொழில் நடத்துகிறவர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. பலரும் பல விதமாகக் கேட்டிருந்தாலும் அடியில் இருப்பது ஒரே கவலைதான்: ஏரியாவுக்குப் பத்துப் பேர் இதே வேலையில் இருக்கிறார்கள், நம்மை எதற்காகத் தேர்ந்தெடுப்பார்கள்?

தாம்பரத்திலிருந்து: அக்கா, பக்கத்துத் தெருவில் ‘2 பெட்ரூம் டீப் கிளீனிங் 2,999’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நானும் ரேட்டைக் குறைக்கணுமா?

குறைக்காதீர்கள். முதலில் கணக்குப் போடுங்கள். 900 சதுர அடி வீடு, மூன்று ஆள், ஆறு மணி நேரம். உதாரணத்துக்கு ஒரு ஆள் கூலி 800 என்றால் 2,400. கெமிக்கல், துணி, பேட் எல்லாம் 300. வண்டி 400. மெஷின் தேய்மானம் 200. இதுவே 3,300 ஆகிவிட்டது. ‘அந்த மூலை சரியாகப் போகவில்லை’ என்று கூப்பிட்டால் மறுபடி ஆள் அனுப்ப 10 சதவீதம் ஒதுக்கினால் 3,630. அதன் மேல் 20 சதவீதம் லாபம் வைத்தால் 4,350 பக்கம் வரும்.

2,999 சொல்கிறவர் நேரத்தில்தான் கை வைக்க வேண்டும். இரண்டு ஆள், மூன்று மணி நேரம். ஃபேன் றெக்கையின் மேல்பக்கம், ஜன்னல் டிராக், கதவின் மேல் விளிம்பு, கமோடின் பின்பக்கம், இவை நான்கும் நிச்சயமாக விட்டுப்போகும். இல்லையென்றால் வீட்டுக்குள் வந்த பிறகு ‘பால்கனிக்குத் தனி, சிம்னிக்குத் தனி’ என்பார்.

அதனால் ரேட்டோடு கூட ஒரு பக்கத்துக்கு எழுத்தில் கொடுங்கள்: எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம், எதற்குத் தனிக் காசு. ‘ஜன்னல் டிராக்: வேக்யூம், பிரஷ், ஈரத்துணி, உண்டு. மூன்றாவது மாடி ஜன்னலின் வெளிப்பக்கம்: இல்லை. தரையில் பெயிண்ட் கறை: சதுர அடிக் கணக்கில் தனி.’ இந்தத் தெளிவு இருந்தால் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்க ஆள் உண்டு. போனில் கேட்டவுடன் ரேட் சொல்லவும் வேண்டாம். சிம்னி, பாத்ரூம் டைல், பால்கனி, கிச்சன் ஜன்னல் நான்கையும் வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிட வீடியோவாக வாங்கிப் பாருங்கள். விலை மாறுவது இந்த நான்கு இடத்தில்தான்.

வேளச்சேரியிலிருந்து: பாத்ரூம் உப்புக் கறைக்கு ஆசிட் ஊற்றினால்தான் போகிறது. ஆனால் போன வாரம் ஒரு வீட்டில் குழாய் எல்லாம் கறுத்துவிட்டது. என்ன செய்யலாம்?

போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் ஓடுகிற ஊரில் உங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுக்கப் போவது இந்த ஒரு வேலைதான். இதில் கெட்டிக்காரர் ஆகிவிட்டால் மற்ற வேலை தானாக வரும். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த வெள்ளைப் படிவம் கால்சியம், மெக்னீசியம் உப்பு. அமிலத்தில் கரையும், அதனால்தான் ஆசிட் உடனே வேலை செய்கிறது. ஆனால் அதே ஆசிட் குழாயின் குரோம் பூச்சைத் தின்னும். டைல் இடுக்கில் இருக்கும் கிரவுட் சிமென்டையும் அரிக்கும். கிரவுட் போனால் சில மாதத்தில் கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் தெரியும், பழி உங்கள் மேல் வரும். மார்பிள், கடப்பா, கோட்டா மூன்றும் சுண்ணாம்பு இனக் கற்கள். அதன் மேல் ஆசிட் பட்டால் நுரைத்து, பளபளப்பு போய், தடம் அப்படியே நிற்கும். எந்தக் கல் என்று சந்தேகமாக இருந்தால் யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இரண்டு நிமிடம் பாருங்கள். நுரைத்தாலோ மங்கினாலோ அமிலம் எதுவும் அங்கே கூடாது.

குழாய்க்கு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் தூள் (எலுமிச்சையில் இருக்கும் வீரியம் குறைந்த அமிலம்). துணியை நனைத்துக் குழாயைச் சுற்றி 15 நிமிடம் விடுங்கள், காயவிடக் கூடாது. பிறகு வெள்ளை பேடால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பச்சை பேட் குரோமில் கீறல் போடும். ஷவர் முகத்தைக் கழற்றி அதே கரைசலில் அரை மணி நேரம் ஊற வைத்தால் அடைத்த துளைகள் திறந்துவிடும்.

டைலுக்கு: அதே தூள் லிட்டருக்கு 100 கிராம் வரை போகலாம். ஆனால் மருந்து போடும் முன் சுவரை நன்றாகத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள். கிரவுட் முதலில் தண்ணீரைக் குடித்துவிட்டால் அமிலத்தை அதிகம் இழுக்காது. கீழிருந்து மேலாகப் போட்டு, மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மேலிருந்து போட்டால் வழிந்த கோடுகள் தெரியும்.

ஷவர் கண்ணாடியில் பல வருடக் கறை என்றால், முதலில் அதே சிட்ரிக் கரைசலால் கழுவிப் பாருங்கள். அதன் பிறகும் காய்ந்ததும் கறை திரும்பத் தெரிந்தால், கண்ணாடியே அரிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குக் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் வேண்டும், அதுவும் முழுசாகப் போகும் என்று உறுதி கொடுக்காதீர்கள்.

எந்த அமிலத்தோடும் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது ஆளைச் சாய்த்துவிடும். இரண்டு கேனையும் ஒரே பையில் எடுத்துப் போவதையே நிறுத்துங்கள்.

மதுரையிலிருந்து: கையில் ஒரு லட்சம் இருக்கிறது மேடம். எந்த மெஷின் முதலில்?

தூசியையும் தண்ணீரையும் உறிஞ்சும் வெட் அண்ட் டிரை வேக்யூம் ஒன்று, சோபாவுக்குத் தண்ணீர் தெளித்து உடனே உறிஞ்சுகிற இன்ஜெக்‌ஷன் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின் ஒன்று. ஸ்க்ரப்பிங் மெஷினை வேலை வரும்போது வாடகைக்கு எடுங்கள். சோபாவில் பலரும் செய்கிற தப்பு, ஷாம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு உறிஞ்சாமல் விடுவது. உள்ளே ஃபோம் நனைந்தால் இரண்டு நாளில் நாற்றம் அடிக்கும், துணியில் பழுப்பு வளையம் வரும். உலர் வேக்யூம் முதலில், ஈரம் குறைவாக, ஒரு முறை தெளித்தால் இரண்டு முறை உறிஞ்ச வேண்டும். கிளம்பும்போது ஃபேனைப் போட்டுவிட்டு வாருங்கள். சோபா லேபிளில் ‘எஸ்’ எழுத்து மட்டும் இருந்தால் தண்ணீரே ஆகாது.

கோவையிலிருந்து: வாட்டர் டேங்க் கிளீனிங்கில் வித்தியாசமாக என்ன செய்ய முடியும்? எல்லாரும் தேய்த்துக் கழுவுகிறார்கள்.

எல்லாரும் தேய்க்கிறார்கள், கிருமி நீக்கத்தை அளந்து செய்கிறவர் குறைவு. உங்கள் இடம் அங்கேதான் இருக்கிறது.

1,000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குக் கரன்ட் போகும் எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை மாட்டுங்கள். தண்ணீரை இறக்கி, அடியில் நாலு விரல் உயரம் மிச்சம் வையுங்கள். அதிலேயே நைலான் பிரஷால் தேய்த்துச் சேற்றை வேக்யூமால் எடுங்கள். அடி அவுட்லெட் வழியாக விட்டால் வீட்டுக் குழாய் ஃபில்டர்களில் போய் அடைக்கும். இரண்டு முறை அலசுங்கள்.

பிறகு டேங்கை நிரப்பி, 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 150 கிராம். தூளை நேரே கொட்டாதீர்கள். ஒரு வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். வீட்டில் ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும் வரை திறந்து மூடி, நாலு மணி நேரம் விட்டு, முழுவதும் வெளியேற்றி, புதுத் தண்ணீர் நிரப்புங்கள். அந்த நேரம் யாரும் தண்ணீர் பிடிக்கக் கூடாது என்று எல்லா வீட்டுக்கும் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். திறந்து வைத்த பிளீச்சிங் பவுடர் நம் ஊர் ஈரக் காற்றில் சக்தி இழந்துவிடும். கட்டி தட்டியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கடைசியில் தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப் கிட்டில் இரண்டு சொட்டு விட்டு, மஞ்சள் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு வீட்டுக்காரர் கண்ணாலேயே பார்க்கக் காட்டுங்கள். குளோரின் கலந்து வரும் தண்ணீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சக் குளோரின் இருக்க வேண்டும் என்பது குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500. டேங்க் மூடியில் இன்றைய தேதியும், ஆறு மாதம் கழித்து அடுத்த தேதியும் எழுதி ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அந்த ஸ்டிக்கர்தான் அடுத்த ஆர்டர்.

தரைக்கு அடியில் இருக்கும் சம்ப் வேறு கதை. மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, வாயு மீட்டர் வைத்துப் பார்த்து, மேலே ஒரு ஆளை நிறுத்தி, கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் இறங்காமல் மேலிருந்தே பம்பும் பிரஷும் வைத்துச் செய்யுங்கள்.

திருச்சியிலிருந்து: வாடிக்கையாளர் பார்த்த உடனே ‘இவங்க வேற மாதிரி’ என்று நினைக்க ஏதாவது ஒன்று சொல்லுங்க அக்கா.

நாலு நிறத் துணி. சிவப்பு கழிப்பறைக்கு, மஞ்சள் வாஷ்பேசினுக்கு, பச்சை கிச்சனுக்கு, நீலம் மற்ற அறைகளுக்கு. வந்தவுடன் டேபிள் மேல் வரிசையாக வைத்து ஒரு வரியில் விளக்குங்கள். பாத்ரூம் துடைத்த துணியோடு கிச்சன் மேடைக்கு ஆள் வருவதைப் பார்த்த அம்மா மறுபடி உங்களைக் கூப்பிடவே மாட்டார். மைக்ரோஃபைபரைப் பருத்தித் துணியோடு துவைக்காதீர்கள், நூல் ஒட்டிக்கொள்ளும். கம்ஃபோர்ட் போடாதீர்கள், உறிஞ்சும் தன்மை போய்விடும்.

இன்னொன்று, பூஜை அறை. கேட்காமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. பல வீடுகளில் தாங்களே சுத்தம் செய்துகொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஒட்டடை அடிக்க விடாத வீடும் நிறைய. புக்கிங் எடுக்கும்போதே இரண்டையும் கேட்டுவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஆனால் நம் வீட்டு மனுஷர் மாதிரி கேட்கிறார்களே என்ற எண்ணம் வரும்.

ஈரோட்டிலிருந்து: ‘டிவி கீறல் நீங்கதான்’ என்று காசு பிடித்துவிட்டார்கள்.

வேலை தொடங்கும் முன் வீடு முழுக்க ஒரு வீடியோ, வீட்டுக்காரர் முன்னாலேயே. ஏற்கெனவே உடைந்த டைல், ஆடும் குழாய், கீறல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே எடுத்து, அதே நிமிடம் அவருக்கே அனுப்புங்கள். நம் ஆள் உடைத்தால் மறைக்காமல் அன்றைக்கே சொல்லிப் பணம் கொடுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து: பழக்கிவிட்ட ஆட்கள் மூணு மாசத்தில் ஓடிவிடுகிறார்கள் மேடம்.

நாள் கூலியாக வைத்திருக்கும் வரை ஓடத்தான் செய்வார்கள். நல்ல ஆள் நாலு பேரையாவது மாதச் சம்பளத்துக்கு எடுங்கள். பத்துப் பேர் ஆனதும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) கட்டாயம், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு. முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75. வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாதபோது அந்த அட்டை எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத் தெரியும். கையுறை, கண்ணாடி, ரப்பர் பூட்ஸ் உங்கள் செலவு. தமிழ்நாடு போலீஸ் இணையதளத்தில் ஆட்களுக்கான சரிபார்ப்பு வசதி இருக்கிறது, அதையும் செய்துவிட்டால் அப்பார்ட்மென்ட் சங்கத்திடம் பேசும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும்.

சேலத்திலிருந்து: ஆடி மாசம் வேலையே இல்லை.

ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள், புதுமனை புகுவிழாவும் நடக்காது. காலி வீட்டு கிளீனிங்கை நம்பியிருந்தால் படுத்துவிடும். ஆடியில் டேங்க், சோபா, மெத்தை என்று குடியிருக்கும் வீட்டு வேலைகளை முன்னால் தள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் மொட்டைமாடி வடிகால் துவாரம் சுத்தம் செய்வதும் நல்ல வேலை. போகிக்கு முந்தின இரண்டு வாரத்துக்கு இப்போதே புக்கிங் எடுங்கள். அந்த நாட்களில் தெரியாத புது ஆளை வைத்து எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், பெயர் கெடுவது அப்போதுதான்.

ஆவடியிலிருந்து: டேங்க் செய்யப் போன அப்பார்ட்மென்ட்டில் செப்டிக் டேங்கையும் ஆள் இறக்கிச் சுத்தம் பண்ணச் சொல்கிறார்கள். பெரிய ஆர்டர். விடுவதா?

விட்டுவிடுங்கள். மனிதர் கையால் கழிவு அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளைச் செப்டிக் டேங்க்கிலோ சாக்கடையிலோ இறக்குவது குற்றம். முதல் முறையே இரண்டு வருடம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். தூக்கப் போகிறவரும் சேர்ந்து போவார். உறிஞ்சும் லாரி வைத்திருக்கும் உரிமம் பெற்றவரின் நம்பரைக் கொடுத்துவிட்டு, ‘ஆள் இறங்கும் வேலையை நாங்கள் எடுப்பதில்லை’ என்று உங்கள் ரேட் கார்டிலேயே அச்சடித்து வையுங்கள்.